ஞாயிறுதோறும் மன்னித்தவள்

சலவை நிலையத்தில் அவளை எல்லோரும் ரோலர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் இருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புகிற இடம் அது. ஈரம் முழுக்கக் காயாத விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்து, சூடான ரோலர் உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினால் துணி கோணிக்கொள்ளும். விரல் பிந்தினால் விரல் போகும். அவள் கையில் துணி கோணியதே கிடையாது. வீட்டிலும் எதுவும் கோணக்கூடாது அவளுக்கு. துண்டு மடிப்பில் ஓரம் ஒரு நூல் வெளியே நின்றால்கூடப் பிரித்து மறுபடி மடிப்பாள்.

அவள் புருஷனுக்கும் அங்கேதான் வேலை. கீழ்த்தளத்தில் துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொண்டார். வாயைத் திறந்தால் கேலிதான் வரும். கோபம் என்பது அவருக்குத் தும்மல் மாதிரி, வந்த வேகத்தில் போய்விடும். துணி மூட்டைகளை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டியவன் அவளுடைய தம்பி. அம்மா சாகும்போது அவனுக்குச் சரியாகத் தலை வாரத் தெரியாது. குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு அவனை ஆளாக்கியவள் அவள்தான். மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த டிரைவர் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

ஒரு மழைக்காலக் காலையில் தம்பி வேனைப் பின்னால் எடுத்தான். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் போன். பெண்டாட்டி அனுப்பிய ஏதோ ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் ஈரத்துணித் தள்ளுவண்டியோடு அவள் புருஷன் வந்துகொண்டிருந்தார். வேனுக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளுவண்டி நசுங்கியது, அதோடு சேர்ந்து அவருடைய இடது காலும். அலறல் கேட்டு அவள் மாடியிலிருந்து ஓடி வந்தபோது வெள்ளை விரிப்புகள் சிவந்துகொண்டிருந்தன. தம்பி வேனை விட்டு இறங்கக்கூட இல்லை. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கால் முழங்காலுக்கு மேலேயே போயிற்று.

ஆஸ்பத்திரியில் புருஷனுக்கு நினைவு தெளிந்ததும், கட்டிலோரம் தலைகுனிந்து நின்ற மைத்துனனைத்தான் முதலில் பார்த்தார்.

"விடுடா. இனிமே எனக்குக் கால் நகம் வெட்டுற வேலை பாதியாச்சு."

"மாமா, என்னை ரெண்டு அடி அடிங்க மாமா."

"அடிக்கணும்னா எழுந்திரிக்கணும். அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டே." சிரிக்கப் பார்த்து, வலி தாங்காமல் முகத்தைச் சுளித்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசார மன்னிச்சுட்டேன்டா. ஆண்டவர் சாட்சி. இதைப் பத்தி இனி பேச்சு வேண்டாம்."

முடிந்தது. வெந்நீர் ஃபிளாஸ்கோடு கதவருகில் நின்றிருந்த அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய வீடும் சேர்ந்துதான் நசுங்கியிருந்தது. ஆனால் தீர்ப்பை இரண்டு ஆண்கள் கண்ணீரும் கேலியுமாகப் பேசி முடித்துவிட்டார்கள். போதகரும் வந்து அவர் தலையில் கைவைத்து, "இதுதான் கிறிஸ்தவ வாழ்க்கை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ஃபிளாஸ்கைத் திறந்து தண்ணீரை ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ கெட்டியாக இறங்கி உட்கார்ந்தது.

அவர்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின் நடுவில் விண்ணப்ப நேரம் என்று ஒன்று உண்டு. மனசில் பாரம் உள்ளவர்கள் எழுந்து நின்று வாய்விட்டு ஜெபிக்கலாம். அதுவரை அவள் ஒரு தடவைகூட எழுந்ததில்லை. விபத்துக்குப் பிறகு முதன்முறை ஆராதனைக்குப் போன அன்று, புருஷனை உயிரோடு விட்டதற்கு நன்றி சொல்லத்தான் எழுந்தாள். அப்போது இரண்டு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியின் பிடரி கண்ணில் பட்டது. முடி புதிதாக வெட்டியிருந்தான். கழுத்தோரம் சுத்தமாக மழித்து, பவுடர் வாசனையோடு. இவள் தலை சீவ நேரமில்லாமல் ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்த அந்த வாரத்தில், இவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டிருக்கிறான்.

"ஆண்டவரே," என்று ஆரம்பித்தாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "என் தம்பியை நான் மன்னிக்கிறேன். போனைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே வண்டியெடுத்து, என் புருஷன் காலை நசுக்கின என் கூடப்பிறந்தவனை மன்னிக்கிறேன். என் கையால சோறு சாப்பிட்டு வளர்ந்தவனை, எந்தக் குறையும் வைக்காம மன்னிக்கிறேன்."

அதுவரை விபத்தில் போன் ஒன்று இருந்தது சபையில் யாருக்கும் தெரியாது. தம்பியின் பிடரி மெல்லச் சிவந்தது. காது நுனிவரை சிவப்பு ஏறியதை அவள் நின்றுகொண்டே பார்த்தாள். பெஞ்சுகளில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். உட்கார்ந்தபோது அவளுக்கு வயிறு குளிர்ந்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறும் எழுந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். வாரம் முழுக்க உருளைக்குள் விரிப்பைக் கொடுத்துக்கொண்டே வார்த்தைகளைத் தேய்த்து மடித்து வைத்தாள். ஒரு வாரம், வெட்டிய காலை ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லி மன்னித்தாள். ஒரு வாரம், இல்லாத பாதம் அரிக்கிறதென்று புருஷன் தூக்கத்தில் கட்டிலைச் சொறிவதைச் சொல்லி மன்னித்தாள். ஒரு வார்த்தைகூடத் திட்டில்லை, சாபமில்லை. எல்லாமே அன்பு, எல்லாமே இரக்கம். ஊசியைத் தேனில் முக்கி ஏற்றுகிற வித்தை அவளுக்கு நன்றாகப் படிந்துவிட்டது.

சபை அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. போதகர் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் அவளைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவள் தலை குனிந்தாள். மாமியாரோடு சண்டை போட்டவர்களும் பங்காளியோடு பேச்சு நின்றவர்களும் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு ஜெபிக்கச் சொன்னார்கள். ரோலர் அக்கா ஜெபித்தால் கல்லும் கரையும் என்று பெயராயிற்று.

கரைந்தது தம்பிதான். பாட்டு நேரத்தில் சபையையே தாங்கிப் பிடிக்கிற கனத்த குரல் அவனுக்கு. அது நின்றுபோனது. முன் பெஞ்சிலிருந்து நடுவுக்குப் போனான், நடுவிலிருந்து கடைசிக்குப் போனான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அவளும் பின்பக்கமாகத் திரும்பி நின்று ஜெபிக்கப் பழகிக்கொண்டாள். அவனால் வராமலும் இருக்க முடியவில்லை. வராவிட்டால், அக்கா இவ்வளவு மன்னித்தும் நெஞ்சழுத்தக்காரன் என்றாகிவிடும். ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு கிடங்கில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சாயங்காலம் தவறாமல் வந்து மாமாவைக் குளிப்பாட்டி, கக்கத்தில் கட்டை வைத்து நடக்கப் பழக்கினான். அவன் வருகிற நேரம் பார்த்து அவள் ஒரு வேலை செய்வாள். புருஷனுடைய இடது கால் ஷூவை எடுத்துப் பளபளவென்று பாலிஷ் போட்டு, வாசற்படிக்கு நேராக வைப்பாள். அதைத் தாண்டித்தான் அவன் உள்ளே வர வேண்டும்.

ஒரு நாள் தம்பியின் பெண்டாட்டி சலவை நிலையத்துக்கே வந்தாள். சாப்பாட்டு இடைவேளை. உருளை ஓய்ந்து சூடு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க கிட்ட ஒண்ணு கேட்கணும். ஒரே ஒரு ஞாயிறு அவரை மன்னிக்காம விடுங்களேன்."

"என்ன பேச்சு இது. மன்னிக்கிறது தப்பா?"

"சனிக்கிழமை வந்தா அவருக்கு ஒரு வாய் இறங்க மாட்டேங்குது. வாந்தி எடுக்கிறாரு. உங்களுக்குக் கோபம்னா வீட்டுக்கு வந்து வெளக்குமாத்தால அடிங்க. நானே எடுத்துத் தர்றேன்."

"எனக்கு யார் மேலயும் கோபம் இல்லம்மா," என்றாள் ரோலர் அக்கா, மிக மென்மையாக. "உனக்காகவும் ஜெபம் பண்றேன், போ."

சொன்னபடியே செய்தாள். அந்த ஞாயிறு, வேலை நேரத்தில் தன் புருஷனுக்குப் படம் அனுப்பிச் சிரிக்க வைத்த தம்பி பெண்டாட்டியையும் சேர்த்து மன்னித்தாள். அந்தப் பெண் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போனாள். தம்பி சிரித்தானே, எதைப் பார்த்துச் சிரித்தான் என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

இதெல்லாம் அவள் புருஷனுக்குத் தெரியாது. கட்டை ஊன்றிப் படியேறப் பழகி, ஆராதனைக்கு அவர் முதன்முதல் வந்த அன்றுதான் காதால் கேட்டார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கால் யாருது?"

"என்னங்க கேள்வி இது?"

"என் காலு. வலிச்சதும் எனக்கு. மன்னிச்சதும் நான். ஒரு தடவை மன்னிச்சேன், தீர்ந்துச்சு. நீ என்னத்தை வாராவாரம் மன்னிக்கிறே?"

"உங்களுக்கு வாய் இருக்கு, சிரிச்சுட்டுப் போயிடுறீங்க. கழுவி, தூக்கி, துடைக்கிறவ நான். என்னை யாராவது கேட்டீங்களா?"

அவர் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"கேட்கலை. அது தப்புதான். அதுக்கு என்னைத் திட்டு, ஒத்துக்கிறேன். ஆனா வெட்டின காலைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயி வாராவாரம் சபையில அவன் மடியில வைக்கிறியே, அது ஜெபமா? கசாப்புக் கடைக்காரன்கூட அப்படிச் செய்ய மாட்டான்."

அதன் பிறகு அவர் ஆராதனைக்கு வரவில்லை. படியேற முடியவில்லை என்று அவள் சபையில் சொன்னாள். அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு ஒன்றில்தான் அது நடந்தது. அவள் எழுவதற்கு முன்னால் கடைசி பெஞ்சிலிருந்து தம்பி எழுந்தான். உடம்பு பாதியாகியிருந்தது, சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது.

"ஆண்டவரே, எங்க அக்காகிட்ட என்னை மன்னிக்க வேண்டாம்னு சொல்லுங்க. கோபப்படச் சொல்லுங்க. கோபம்னா நான் தாங்கிப்பேன். நான் செஞ்சதுக்கு அது நியாயம். இதை மட்டும் என்னால தாங்க முடியல."

சபையில் முணுமுணுப்பு கிளம்பியது. எவ்வளவு திமிர். இப்படிப்பட்ட அக்காவைப் போய். சபை மூப்பர் ஒருவர் எழுந்து, ஆராதனையைக் குலைக்காதே, அக்காவிடம் மன்னிப்புக் கேள் என்றார். போதகர் கையமர்த்திவிட்டு, வருத்தமான குரலில், மனசு சரியாகிற வரைக்கும் திருவிருந்தில் கைநீட்ட வேண்டாம் என்று அவனிடம் சொன்னார். தம்பி போதகரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். காய்ச்சல் நாட்களில் மடியில் கிடந்தபடி அண்ணாந்து பார்ப்பானே, அதே பார்வை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடைபாதையில் அவன் செருப்புச் சத்தம் போய், கதவுச் சத்தம் கேட்கிற வரைக்கும் நிமிரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு எழுந்து நின்றபோது கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. தேய்த்து வைத்த வார்த்தைகளைச் சொன்னாள். சவுக்காரத்தை நக்கியது போல இருந்தது. பெண்கள் வழக்கம்போல அழுதார்கள். சிவக்க ஒரு பிடரி இல்லாமல் அந்த ஜெபத்துக்கு உயிரே இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் பாதியில் ஆமென் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

கோபம் மட்டும் போகவில்லை. போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றியது. சாயங்காலங்களில் தம்பியும் வருவதில்லை. புருஷனைத் தானே தூக்கிக் குளிப்பாட்டினாள். அவர் அவளிடம் கேலி பேசுவதை நிறுத்தியிருந்தார். வீட்டில் தண்ணீர் சத்தம் மட்டும்தான்.

ஒரு நாள் உருளை ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் விரல் பிந்தியது. கடைசி நொடியில் இழுத்துக்கொண்டாள், நகத்தோரம் தோல் பொசுங்கியது. அந்தச் சூட்டில் அவள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அதுவரை அவள் பேசியறியாத வார்த்தை. எதிர்ப்பக்கம் நின்றவளுக்கு மெஷின் சத்தத்தில் காது என்றைக்கோ போயிருந்தது. யாரும் கேட்கவில்லை. அவள் அதை மறுபடி சொன்னாள். அப்புறம் ஆண்டவரைக் கூப்பிட்டாள்.

"அவன் காலும் நசுங்கணும் ஆண்டவரே. நான் பார்க்கணும். அவன் பெண்டாட்டி அவனைத் தூக்கிக் கழுவணும். முடி வெட்டிக்கிட்டு வந்தானே பாவி. சிரிச்சானே."

விரிப்பு போய்க்கொண்டே இருந்தது, அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாளும் சொன்னாள். சபையில் சொல்லாததெல்லாம் வந்தது. தன்னைக் கேட்காமல் மன்னித்த புருஷனை வைதாள். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காத போதகரை வைதாள். தம்பியைத் தன்னிடம் விட்டுவிட்டுச் செத்துப்போன அம்மாவையும் வைதாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததற்காக ஆண்டவரையே நாக்கில் நரம்பில்லாமல் பேசினாள். அழுகிறாளா, நீராவியா என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. அலங்காரமில்லாத, வெட்கங்கெட்ட ஜெபம். பொய்யில்லாத முதல் ஜெபம் அதுதான்.

அடுத்த மழைக்காலம் முடியும்போது ஒரு நாள், திட்டுவதற்கு வாயெடுத்தாள், ஒன்றும் வரவில்லை. மனசைத் துழாவிப் பார்த்தாள். பெரிய வெளிச்சமெல்லாம் இல்லை. பல்வலி நின்றது எப்போது என்று யாருக்கும் தெரியாதே, அது மாதிரி நின்றிருந்தது. அந்த இடத்தில் வேறொன்று இருந்தது. ஒல்லியான கழுத்தில் ஆடும் சட்டைக் காலர்.

போதகரைப் பார்க்கப் போனாள்.

"ஐயா, நான் அவனை மன்னிக்கவே இல்லை. அவனை வதைக்கத்தான் அப்படி ஜெபிச்சேன். சபையில எழுந்து சொல்லப்போறேன்."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேண்டாம்மா. உங்களைப் பார்த்து எத்தனையோ குடும்பம் ஒண்ணாயிருக்கு. சபை குழம்பிப் போயிடும்."

அவள் கேட்கவில்லை. ஞாயிறன்று எழுந்து, உள்ளதை உள்ளபடி உடைத்துச் சொன்னாள். ஒவ்வொரு வாரமும் எதற்காகத் தேடித் தேடிச் சொன்னாள், அவன் காது சிவந்தபோது எப்படி வயிறு குளிர்ந்தது, அவனை வெளியே அனுப்பியபோது ஏன் நிமிரவில்லை, எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் பெஞ்சுகளில் விசும்பல் கேட்டது. பக்கத்திலிருந்தவள் அவளைக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு தாழ்மைக்கா உங்களுக்கு. தம்பி செஞ்ச தப்பையும் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்களே." மூப்பர் அல்லேலூயா என்றார். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எத்தனை தடவை "நிஜமாத்தான் சொல்றேன்" என்றாலும் அந்த அழுகைக்குள் அது எடுபடவில்லை. அவளே பதமாகத் தேய்த்து மடித்துக் கொடுத்த பெயர் அது. அவளாலேயே அதைக் கசக்க முடியவில்லை.

அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் பெண்டாட்டி கதவைத் திறந்து, அவளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். தம்பி வாசலுக்கு வந்தான். கொஞ்சம் சதை பிடித்திருந்தான். உள்ளே வா என்று அவன் சொல்லவில்லை.

"மாமா எப்படி இருக்காரு?"

"இருக்காரு. உன்னைத்தான் கேட்கிறாரு." அவள் ஒரு படி ஏறினாள். "டேய், என்னை மன்…"

"அக்கா." அவன் கையைத் தூக்கி நிறுத்தினான். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. "வேற என்ன வேணா சொல்லு, கேட்டுக்கிறேன். அந்த வார்த்தையை மட்டும் என் வீட்டு வாசல்ல சொல்லாதே. அதைக் கேட்டா எனக்கு இப்பவும் குடலைப் புரட்டுது."

அவள் நின்றாள். அதைத் தவிர அவளிடம் வேறு வார்த்தை இல்லை. என்னென்னவோ யோசித்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பலமாகச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினான்.

அவன் மறுபடி மாமாவைப் பார்க்க வர ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அவள் ஆராதனையில் இருக்கிற நேரம் பார்த்து. குளிப்பாட்டி, முகம் மழித்து, கேலி பேசிவிட்டுப் போய்விடுவான். வந்துபோனதை அவள் புருஷனின் முகத்திலிருந்து தெரிந்துகொள்வாள். அன்றைக்கு மட்டும் அவர் அவளிடமும் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசுவார். அவர்கள் இருவரும் பேசுவதை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை உண்டு. கேட்டதில்லை.

விண்ணப்ப நேரத்தில் இப்போதெல்லாம் அவள் எழுவதில்லை. ஆராதனை முடிந்து, எல்லோரும் கைகுலுக்கிக் கலைகிறபோதும் தன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள். சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டால் அவன் பாதிச் சவரத்தில் எழுந்து ஓடும்படி ஆகிவிடும். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். ரோலர் அக்கா ஜெபத்தில் இருக்கிறாள் என்று நினைத்து, சபையார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைச் சத்தமில்லாமல் கடந்து போகிறார்கள்.